மக்காச்சோளம் செய்த குற்றம் என்ன?



ஒரு சமுதாயத்தில் சர்க்கரை நோயும் மாரடைப்பும் பெருகினால் முதல் பழி பரம்பரை மேல் விழும். அடுத்த பழி அவங்க வீட்டுச் சமையல் மேல் விழும். அவங்க நிலத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க மக்களின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. இதயத்துக்கு எது நல்ல சாப்பாடு என்ற பேச்சை ஆஸ்பத்திரியில் தொடங்குவது காலம் கடந்த வேலை. அது வயலில் தொடங்க வேண்டிய பேச்சு.

மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா எனப் பல இடங்களிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இந்த மக்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இவர்களே. 2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மியாமி, சான் டியாகோ ஆகிய நான்கு இடங்களில், 18 முதல் 74 வயது வரையுள்ள 16,000-க்கும் மேற்பட்ட லத்தீன் மக்களை ஒரு பெரிய ஆய்வில் சேர்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மூன்றில் ஒருவருக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு. இடுப்புச் சதை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு, நல்ல கொழுப்பின் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று கெட்டிருந்தால் அதற்கு அந்தப் பெயர். மாரடைப்புக்குப் போகிற பாதை அதுதான்.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு சேதி உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சர்க்கரை நோய். மெக்சிகோ வழியினரில் பதினெட்டுப் பேருக்கு. ‘லத்தீன் ரத்தம்’ என்று மொத்தமாகப் பேசுவது இங்கேயே அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, அமெரிக்காவில் வாழ்ந்த வருசம் கூடக் கூட நோயும் கூடியிருந்தது. வருமானமும் படிப்பும் குறைந்தவர்களிடம் அது இன்னும் அதிகம்.

பிமா பழங்குடிகளின் கதை இதைவிடத் தெளிவு. ஒரே வழிவந்தவர்கள், ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவில், இன்னொரு பகுதியினர் எல்லைக்குத் தெற்கே மெக்சிகோ மலையில். 2006-இல் வெளியான ஆய்வின்படி அரிசோனாப் பிமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை நோய். மலையில் உழுது உண்டவர்களில் ஏழு பேருக்கு. அரிசோனாக்காரங்க கீலா ஆற்றுப் பாசனத்தில் காலகாலமாக விவசாயம் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேல்மடையில் குடியேறியவர்கள் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. பிறகு வந்தது அரசு கொடுத்த வெள்ளை மாவும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும். பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றைத் திருப்பியது பரம்பரை இல்லையே!

சரி, பழி சுமக்கும் அந்தச் சமையலைப் பார்ப்போம். மெக்சிகோ உழவரின் பழைய வயலுக்கு ‘மில்பா’ என்று பெயர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒரே நிலத்தில். பீன்ஸ் கொடி சோளத் தட்டையைப் பிடித்து ஏறும், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். ஊடுபயிர், உயிர்மூடாக்கு என்று நாம கூட்டத்தில் பேசுவதெல்லாம் அங்கே ஆயிரக்கணக்கான வருசப் பழக்கம். இடையில் முளைக்கும் கீரையையும் விடமாட்டார்கள். நம்ம தண்டுக்கீரை இனமும் பருப்புக்கீரையும் அவங்க தட்டிலும் உண்டு. நாம வேலியில் வெட்டி எறியும் சப்பாத்திக்கள்ளியின் இனத்தில் இளம் மடலை எடுத்து, முள் சீவி, பொரியலாகச் சாப்பிடுகிறார்கள்.

வயலில் சேர்ந்து நின்றது தட்டிலும் சேர்ந்தே நிற்கிறது. மக்காச்சோளப் புரதத்தில் லைசின் குறைவு. பீன்ஸில் அது நிறைய. அரிசியும் உளுந்தும் இட்லியில் சேர்கிற அதே கணக்கு. பீன்ஸின் நார்ச்சத்து மாவுச்சத்தை மெதுவாக ரத்தத்தில் சேர வைக்கிறது. இன்னொரு கைவேலையும் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோல் கழுவித்தான் ரொட்டி மாவு அரைப்பார்கள். இதனால் சுண்ணாம்புச் சத்து கூடும். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. இத்தாலியில் சோளக் கஞ்சியே கதி என்று கிடந்த ஏழைகள் பெலாக்ரா என்ற தோல் வெடிக்கும் நோயில் செத்தார்கள்.

இந்தச் சாப்பாட்டைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிப் பெண்கள் 53 பேருக்கு 24 நாள் சோள ரொட்டி, பீன்ஸ், காய், பழம் என்ற பழைய மெக்சிகோ உணவு. இன்னொரு 24 நாள் வழக்கமான அமெரிக்க உணவு. பழைய உணவில் இருந்தபோது ரத்தத்தில் இன்சுலின் சுமார் 14 சதவீதம் குறைவாக இருந்தது. அதாவது சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு குறைவாகவே பாடுபட்டது. 2016-இல் இது வெளியானது. அம்மா சமையலை விட்டுவிட்டு ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்கு என்று அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

அப்போ கெட்டது எது? 1994 ஜனவரி 1-இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் மலிவு விலையில் மெக்சிகோவுக்குள் குவிந்தது. மில்பா வைத்திருந்த சிறு விவசாயிக்கு விலை படுத்தது. பல லட்சம் பேர் விவசாயத்தை விட்டார்கள். நிறையப் பேர் வடக்கே எல்லை தாண்டினார்கள். அமெரிக்காவில் அந்தச் சோளத்தின் ஒரு பகுதி சர்க்கரைப் பாகாகி, குளிர்பானத்திலும் பிஸ்கட்டிலும் சாஸிலும் கலக்கிறது. தன் வயலை வீழ்த்திய சோளத்தையே அந்த உழவர் அங்கே போய்ப் பாட்டிலில் குடிக்கிறார். சோளம் குற்றம் செய்யவில்லை. அதைப் பீன்ஸிடமிருந்தும் சுண்ணாம்பிடமிருந்தும் உழவரிடமிருந்தும் பிரித்ததுதான் குற்றம்.

கொடுமையைக் கேளுங்க. அமெரிக்க வயல்களில் கீரையும் ஸ்ட்ராபெரியும் தக்காளியும் பறிக்கும் கூலிகளில் பெரும்பாலோர் இந்த லத்தீன் மக்கள்தான். நாடே இதயத்துக்கு நல்லது என்று தின்னும் காயைப் பறித்துவிட்டு, பொழுது சாய்ந்து திரும்பும்போது அவர்கள் கைக்கு எட்டுவது பொட்டலமும் குளிர்பானமும். அவர்களிடம் போய் ‘காய்கறி நிறையச் சேர்த்துக்கோங்க’ என்று துண்டறிக்கை கொடுப்பது நியாயமா?

மெக்சிகோ கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2014-இல் இனிப்புக் குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். முதல் வருசமே வாங்குவது சுமார் 6 சதவீதம் குறைந்தது. 2020 முதல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களில் கருப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை கட்டாயம். 2025-இல் மரபணு மாற்று மக்காச்சோளத்தைப் பயிரிடத் தடை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். நல்ல வேலைகள். ஆனால் மில்பாக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத வரை இவை பாதி வேலைதான்.

பழைய சாப்பாடு எல்லாமே அமிர்தம் என்று நான் வாதாடவில்லை. பன்றிக் கொழுப்பில் பொரித்ததை அங்கேயும் அளவோடுதான் தின்னணும். நாள் முழுக்கக் குனிந்து உழைத்தவன் தின்ற பத்து ரொட்டியை, நாள் முழுக்க வண்டி ஓட்டுபவன் தின்றால் உடம்பு தாங்காது. நம்ம ஊரிலும் ‘சிறுதானியம்தானே’ என்று மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமையிலும் வரகிலும் மாவுச்சத்து உண்டு. அளவு வேணும், கூடவே பயறும் கீரையும் வேணும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீங்க. அது மருத்துவரோடு பேசி முடிவு செய்வது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். மெக்சிகோக்காரர் தெய்வமாகக் கும்பிட்ட பயிரை நாம பெரம்பலூர்ப் பக்கம் காடு காடாகத் தனிப்பயிராக விதைக்கிறோம், பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு. முன்னே அந்தக் கரிசலில் கம்பும் சோளமும் துவரையும் தட்டைப்பயறும் கலந்து நின்றன. நஞ்சில்லாமல் விளைவிக்கும் நம்மிலும் எத்தனை பேர் மாப்பிள்ளைச் சம்பாவையும் தினையையும் நல்ல விலை கிடைக்குதுன்னு நகரத்துக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் வெள்ளை அரிசியில் பொங்கிச் சாப்பிடுகிறோம்? கடன் இருக்கும்போது விற்காமல் என்ன செய்வது என்று கேட்பீங்க. கேள்வி நியாயம். முழுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை.

அறுவடை முடிந்ததும் வியாபாரி எடை போடுவதற்கு முன்னால், வீட்டுக்கு வருசத்துக்கு வேண்டிய தானியத்தையும் பயறையும் தனியாக எடுத்து வையுங்க. பத்து சென்ட் போதும்: கம்பு, அதில் ஏறும் அவரை, தட்டைப்பயறு, வரப்பில் பூசணி, ஓரத்தில் கீரை. நம்ம இயக்கக் கூட்டங்களில் ஏக்கருக்கு என்ன லாபம் என்று கேட்கிறோம். இனிமேல் ‘உங்க நிலத்திலிருந்து உங்க அடுப்புக்கு எவ்வளவு போச்சு?’ என்றும் கேட்போம். அந்தக் கணக்கையும் பதிவேட்டில் எழுதுவோம்.