உயிர் காப்பதும் மார்க்கக் கடமையே

போதை தரும் பொருள்கள் ஹராம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மதுவை ஷைத்தானின் செயலென்று திருமறை (5:90) விலக்கிவிட்டது. ஆனால், அப்படுகுழியில் ஏற்கெனவே வீழ்ந்துவிட்ட சகோதரனின் உயிருக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளோம் என்பதே இன்றைய கேள்வி.

மது அருந்தியதற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு மனிதர் சபித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி காணப்படுகிறது. சட்டமும் நின்றது, சகோதரத்துவமும் நின்றது.

ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும்போது எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் பரவுகின்றன. எச்.ஐ.வி.யோ அவரோடு நில்லாது, பாவமறியா மனைவியையும் பிறக்கும் குழந்தையையும் பற்றக்கூடியது.

மலேசியாவில் 2002ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. தொற்று உச்சத்தை எட்டிற்று. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் ஊசிவழி போதைக்கு ஆட்பட்டோரே. அந்நாட்டரசு 2005இல் மெதடோன் சிகிச்சையையும், 2006இல் பழைய ஊசிக்குப் புதிய ஊசி வழங்கும் திட்டத்தையும் தொடங்கிற்று. மெதடோன், மருத்துவர் மேற்பார்வையில் வாய்வழி அருந்தும் மருந்து. ஹெராயின் ஏக்கத்தைத் தணித்து ஊசியைக் கைவிடச் செய்வது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, இம்மருந்தும் மார்க்கப் போதனையும் சேர்த்து வழங்கப்பட்டன. ஊசிவழித் தொற்றும் அந்நாட்டில் பின்னர் பெரிதும் குறைந்தது.

இது ஹராமுக்குத் துணைபோவதாகாதா எனச் சிலர் வினவலாம். இரு கேடுகள் எதிர்ப்படின் சிறியதைப் பொறுத்துப் பெரியதைத் தடுத்தல் பிக்ஹு கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஷரீஅத் காக்க வந்த ஐந்தனுள் மார்க்கத்தை அடுத்து உயிரை வைத்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். தூய ஊசி பாவத்துக்கு அனுமதிச் சீட்டன்று. தவ்பாச் செய்ய அவகாசம் தரும் வழி. இறந்துவிட்டவனுக்குத் தவ்பாவின் வாசல் ஏது?

எனவே, ஜமாஅத் பெருமக்களே! போதைக்கு அடிமையானவனைப் பள்ளியிலிருந்து விரட்டாதீர். விரட்டப்பட்டவன் விற்பவனிடமே திரும்புவான். அவனுக்கு ஸலாம் கூறுங்கள். கைப்பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் மறைவைப் பேணுங்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருமறை (5:32) தரும் நற்செய்தியன்றோ!

வல்ல அல்லாஹ் வீழ்ந்தோரை எழச் செய்வானாக! அவர்களைத் தாங்கும் தவ்பீக்கை நமக்கு அருள்வானாக! ஆமீன்.