களமிறங்கும் வேளை வந்ததா?



பிழைப்பைத் தேடித் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து அந்தமானுக்கு வந்து, போர்ட் பிளேயரிலும் அதைச் சுற்றியும் வேரூன்றிய குடும்பங்கள் நம் நடுவில் அநேகம். 2024-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆனால் மாலையில் பள்ளிப் பையை வீட்டிற்குள் எறிந்துவிட்டுப் பந்தோடு மைதானத்திற்கு ஓடும் பிள்ளைகள் மாறவில்லை. அவர்களில் ஒருவன் மற்றவர்களைவிடச் சிறப்பாக ஆடத் தொடங்கும்போது, அவன் வீட்டிற்குள் ஒரு கேள்வி நுழைகிறது.

பிள்ளைக்குப் பதினாறு வயது. பள்ளி அணியில் அதிகக் கோல் அடிப்பவன் அவனே. உள்ளூர் கிளப்பினர், பெரியவர்கள் ஆடும் தங்கள் பிரதான அணிக்கு அவனை அழைக்கிறார்கள். அல்லது சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ தேர்வு முகாமுக்கு வரும்படி தகவல் வருகிறது. தகப்பனுக்குப் பெருமை; தாய்க்குக் கலக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோ கண்முன் நிற்கிறது. "அனுப்பலாமா, பாஸ்டர்?" என்று கேட்கிறார்கள்.

இது சிறிய கேள்வியன்று. சென்னைக்கு விமானத்தில் சில மணி நேரம்தான். ஆனால் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். நகரத்துப் பிள்ளை மாலைப் பயிற்சி முடிந்து தன் வீட்டிற்கே திரும்பிவிடுவான். தீவிலிருந்து செல்லும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இந்த முடிவை நிதானித்து எடுக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

தீவுகள் தரும் சாட்சி

இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கால்பந்தில் அல்ல, சைக்கிள் பந்தயத்தில் இத்தீவுகள் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றன.

இத்தீவுகளின் மைந்தரான ஈசோ ஆல்பன், 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் 'கெய்ரின்' பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சைக்கிள் பந்தயத்தில் உலகப் போட்டி எதிலும் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. தங்கத்திற்கும் அவருக்கும் இடையில் இருந்தது 0.017 வினாடி. மறு ஆண்டு, 2019-இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் ஆன் டெர் ஓடர் நகரில், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் சேர்ந்து ஜூனியர் அணி விரைவோட்டத்தில் தங்கமே வென்றார்.

அதன்பின் என்ன? உலகப் போட்டிகளின் இந்தப் பிரிவில் ஜூனியர் வயது முடிந்ததும் அடுத்த படி மூத்தோர் பிரிவுதான். நடுவில் வேறு படி கிடையாது. பதினெட்டு வயது வாலிபன் அங்கே சந்திப்பது யாரை? நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் போன்றவர்களை. அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. பல ஆண்டுப் பயிற்சியால் உரமேறிய தொடைகளும், நூற்றுக்கணக்கான பந்தயங்களில் தெளிந்த கண்களும் அவர்களுக்கு உண்டு. நம் வாலிபர்கள் 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குச் சென்றார்கள், பதக்கம் கிட்டவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் புதுடில்லியில் நடந்த மூத்தோர் ஆசியப் போட்டியில் ரொனால்டோ சிங் விரைவோட்டத்தில் வெள்ளி வென்றார். ஜூனியர் உலகத் தங்கத்திலிருந்து மூத்தோர் ஆசிய வெள்ளிக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த பர்மிங்ஹாம் அணியில் கார் நிக்கோபாரைச் சேர்ந்த டேவிட் பெக்காம் எல்கட்டோசூங்கோவும் இருந்தார். புகழ்பெற்ற கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கியவர். முதலில் கால்பந்தின்மேல் ஆசை வைத்தவர். பின்பு சைக்கிளில் தன் இடத்தைக் கண்டுகொண்டவர். பெற்றோர் பெயர் வைக்கலாம். ஆனால் பிள்ளையின் களம் எது என்பதைக் காலமும் உழைப்புமே காட்டுகின்றன.

இளவயதில் பெறும் பதக்கம் ஒரு வாக்குறுதியைப் போன்றது. அது நிறைவேறக் காலம் எடுக்கும்.

கோல் எண்ணிக்கை ஏமாற்றும்

மீண்டும் கால்பந்துக்கு வருவோம். "என் மகன் இந்த ஆண்டு இத்தனை கோல் அடித்தான்" என்று சொல்லும் தகப்பனிடம் நாம் கேட்க வேண்டியது, "யாருக்கு எதிராக?" என்பதே.

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் உடல் வளர்ச்சியில் மூன்று நான்கு ஆண்டு வேறுபாடு இருக்கக்கூடும். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றவன் இன்னும் சிறுவனாகவே இருப்பான். முந்தி வளர்ந்தவன் ஓட்டத்தாலும் தோள் பலத்தாலும் கோல் அடிக்கிறான். இரண்டு ஆண்டு கழித்து மற்றவர்களும் அவன் உயரத்தை எட்டியபின், அவன் கையில் மிஞ்சுவது என்ன? அதேபோல, ஜனவரி முதல் தேதியைக் கணக்காகக் கொள்ளும் வயதுப் பிரிவில், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். தேர்வாளரின் கண்ணுக்கு அந்த ஓராண்டு பல வேளைகளில் திறமையாகத் தோன்றிவிடுகிறது.

எனவே கோல்களை எண்ணுவதை விட்டுவிட்டு, மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உடல். எலும்பு வேகமாக நீளும் பருவத்தில் தசைகளும் தசைநாண்களும் அதற்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதைச் சோம்பல் என்று தள்ளாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி அணி, கிளப் அணி, மாவட்ட அணி என்று ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் ஓடும் பிள்ளைக்கு ஓய்வு நாள் எது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

இரண்டாவது, பார்வை. பள்ளி ஆட்டத்தில் பந்தை வாங்கி, நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பின்பு உதைக்க நேரம் உண்டு. பெரியவர்களின் ஆட்டத்தில் அந்த நேரம் இல்லை. பந்து காலுக்கு வருமுன்பே உங்கள் மகன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறானா? பந்தை இழந்ததும் கையை உதறிக்கொண்டு நிற்கிறானா, உடனே திரும்பி ஓடுகிறானா? பந்தே வராத பத்து நிமிடங்களில் அவன் எங்கே நிற்கிறான்? கரையில் நின்று பார்க்கும் தாய்கூட இவற்றைக் கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, உள்ளம். பிரதான அணிக்குப் போகும் சிறுவன் முதல் ஆண்டின் பெரும்பகுதியை மாற்று ஆட்டக்காரர்களின் பலகையில்தான் கழிப்பான். தன் ஊரில் முதல்வனாக இருந்தவன் அங்கே கடைசியில் நிற்பான். அணியில் பெயர் இல்லாத மறுநாள் காலையில் அவன் பயிற்சிக்கு எழுந்து போகிறானா என்பதே சோதனை. மேலும், அவனைச் சூழ்ந்திருப்பவர்கள் இருபத்தைந்தும் முப்பதும் வயதானவர்கள். அவர்களுடைய பேச்சு, சிலருடைய புகை, மது ஆகியவற்றின் நடுவில் "வேண்டாம் அண்ணா" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் திடம் அவனுக்கு வந்திருக்க வேண்டும்.

சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு

"ஸ்பெயினின் லாமின் யமால் பதினேழு வயதில் ஐரோப்பியக் கோப்பை வென்றாரே!" என்று வாலிபர்கள் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் சிறு வயது முதல் பார்சிலோனாவின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 2023 ஏப்ரலில், பதினைந்து வயதில், பிரதான அணிக்கு இறக்கப்பட்டபோது, அந்தப் பருவத்தின் லீக் போட்டிகளில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களே. அழைத்தவர்கள் அளந்து கொடுத்தார்கள்.

நார்வேயின் மார்ட்டின் ஓடகார்ட் 2015-இல் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். அதே ஆண்டு மே மாதம், ரொனால்டோவுக்கு மாற்றாகக் களமிறங்கினார். உலகமே வியந்தது. ஆனால் அங்கே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. நெதர்லாந்தில் இரண்டு கிளப்புகள், பின்பு ஸ்பெயினின் ரியல் சோசிடாட் என்று கடனாகச் சென்று, ஒவ்வொரு வாரமும் ஆடி முதிர்ந்தார். 2022-இல் அர்செனல் அணிக்குத் தலைவரானார். புகழ் முதலில் வந்தது; பக்குவம் சிறிய அணிகளில்தான் வந்தது.

அமெரிக்காவின் ஃபிரெடி அடு 2004-இல் பதினான்கு வயதில் தொழில்முறை அணியில் இறங்கினார். அடுத்த பீலே என்று விளம்பரம் செய்தார்கள். பின்பு நாடு விட்டு நாடு, கிளப் விட்டு கிளப் மாறி, அந்த எதிர்பார்ப்பை எட்டாமலே போனார். அவரிடம் திறமை இருந்தது. ஆனால் திறமை வேர்விடுமுன் அதன்மேல் பாரம் ஏற்றப்பட்டது.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் இந்தியா ஆடியது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோல், பிபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். மூன்று ஆட்டங்களிலும் தோல்விதான். ஆயினும் அந்த அணியின் பெரும்பாலோரைக் கலைத்துவிடாமல் 'இந்தியன் ஆரோஸ்' என்ற பெயரில் அதே ஆண்டு ஐ-லீக்கில் பெரியவர்களோடு ஆடவிட்டார்கள். தொடக்க ஆட்டத்தில் சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். ஆனால் பருவத்தின் முடிவில் பட்டியலில் கடைசி இடம்.

கடைசி இடம் வந்தாலும் அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படமாட்டார்கள் என்று முன்கூட்டியே விதி செய்யப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். தோற்றுக் கற்றுக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம் போன்றவர்கள் பின்னாளில் நாட்டின் மூத்த அணியில் ஆடினார்கள். எல்லாரும் அந்த உயரத்தை எட்டவில்லை. இந்த இரண்டையும் பெற்றோர் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தாமதித்து வருவதும் தோல்வியன்று. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடியது 2023-இல், 27 வயதில். அதே ஆண்டு ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால், தன் நீண்ட தொடர் தோல்விக்கு முடிவு கட்டியது. பதினேழு வயதில் அழைப்பு வரவில்லை என்று அவர் பந்தைத் தூக்கி எறிந்திருந்தால்?

தாவீது சிறுவனாகவே கோலியாத்தை வீழ்த்தவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அவன் அதற்குமுன் யாரும் பாராத வெளியில் சிங்கத்தோடும் கரடியோடும் போராடிப் பழகியிருந்தான். ராஜாவின் கவசம் தனக்குப் பழக்கமில்லை என்று கண்டதும் அதைக் கழற்றி வைக்கவும் அறிந்திருந்தான்.

அவசரப்படுவது யார்?

பெற்றோரே, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பல வீடுகளில் அவசரப்படுவது பிள்ளையன்று. தான் எட்டாத உயரத்தை மகன் எட்ட வேண்டும் என்று தவிக்கும் தகப்பன். இந்த ஆண்டே கோப்பை வேண்டும் என்கிற கிளப். "நம்ம பையன்" என்று பெருமை பேச விரும்பும் நம் சபையாரும்கூட. இத்தனை பேருடைய ஆசையையும் பதினாறு வயதுத் தோள்கள் சுமக்க வேண்டியிருக்கிறது.

அழைப்பு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பெட்டி கட்டவும் வேண்டாம். கிளப்பாரிடம் நேராகக் கேளுங்கள்: பிள்ளையை எத்தனை நிமிடம் ஆடவிடுவீர்கள்? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? எங்கே தங்குவான்? அவனுக்குப் பொறுப்பானவர் யார்? பள்ளிப் படிப்பு எப்படித் தொடரும்? வகுப்புக்குச் செல்ல இயலாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியும் உண்டு. ஞாயிறு காலை ஆட்டங்களைக் குறித்து வீட்டில் ஒருமனப்பட்டு, அதையும் கையெழுத்திடுமுன்பே பேசி முடியுங்கள். பின்பு பிள்ளையை இரண்டு பக்கமும் இழுக்காதீர்கள். தேர்வு முகாமுக்கென்று முன்பணம் கேட்டு நச்சரிப்பவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பும் வழியைத் திறந்து வையுங்கள். "தோற்றாலும் இது உன் வீடு, படிப்பும் உண்டு, பந்தும் உண்டு" என்று தகப்பன் வாயால் கேட்டுவிட்டுக் கப்பல் ஏறும் பிள்ளை, பயமில்லாமல் ஆடுவான். வெட்கப்பட்டுத் திரும்ப முடியாமல் அந்நிய நகரத்தில் மறைந்து வாழும் வாலிபர்களின் கதையை நகரங்களுக்கு வந்த நாம் அறியாதவர்கள் அல்ல.

ஆகவே, "அனுப்பலாமா?" என்ற கேள்விக்கு என் பதில் இதுவே. அவன் உடல் வலியின்றித் தாங்குமானால், பந்து வருமுன் அவன் கண் பார்க்குமானால், பெயர் வராத நாளிலும் அவன் எழுந்து ஓடுவானானால், அனுப்புங்கள். ஆனால் அளந்து ஆடவிடும் கைகளில் அனுப்புங்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஓராண்டு பொறுங்கள். இருபது வயதிலும் களம் இருக்கும். பதினாறில் முறிந்த முழங்காலும், பதினாறில் ஒடிந்த மனமும் ஆறுவதற்கோ ஓராண்டு போதாது.