காதின் அவசரம்

ஃபால்சிகோ, ஃபால்சிடாப். இரண்டுமே மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான மருந்துகள். உள்ளே இருக்கும் ரசாயனம் மட்டும் வேறு வேறு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்று ஒரு கம்பெனி இன்னொன்றின் மீது தொடுத்த வழக்கு, வதோதராவில் ஆரம்பித்து உச்ச நீதிமன்றம்வரை போனது. மருத்துவமனைகளுக்குத்தானே விற்கிறோம், விவரம் தெரிந்தவர்கள்தானே வாங்குகிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. 2001-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. டாக்டர்களுக்கும் தவறு நேரலாம். ஆங்கிலம் அறியாதவர்கள் நிறைந்த, பல மொழிகள் பேசும் நாட்டில் மருந்தின் பெயரை மற்ற சரக்குகளின் பெயரைவிடக் கறாராகச் சோதிக்க வேண்டும் என்றார்கள். (ஆனால் தடை ஏதும் போடவில்லை. வழக்கைக் கீழ்க்கோர்ட்டே முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.)

நீதிபதிகளின் கவலை நியாயமானது. கேட்பவரின் மனம் சொல் முடியும்வரை காத்திருப்பதில்லை. 'ஃபால்சி' என்று காதில் விழுந்ததுமே அப்படித் தொடங்கும் பெயர்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் பால் லூஸும் டேவிட் பிசோனியும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதை 'அக்கம்பக்கத்துச்' சொற்களின் போட்டியாகப் பார்த்தது. 'கல்' என்றால் பல், கள், கண், கால் எல்லாம் போட்டிக்கு நிற்கும். 'வைக்கோலு'க்கு அந்தத் தொல்லை இல்லை. அக்கம்பக்கம் பெருகப் பெருக, சொல்லைப் பிடிக்க நேரமாகிறது, தவறும் கூடுகிறது. அடிக்கடி புழங்கும் சொல் முந்திக்கொள்கிறது. வயதானவர்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம். மருந்துக் கடைக்கு அதிகம் போகிறவர்களும் அவர்கள்தான்.

அமெரிக்காவில் லோசெக் என்ற அசிடிட்டி மாத்திரை, உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் லாசிக்ஸோடு குழம்பியதால் 1990-இல் ப்ரைலோசெக் ஆனது. மனச்சோர்வுக்கான பிரின்டெலிக்ஸ், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பி, 2016-இல் ட்ரின்டெலிக்ஸ் ஆனது. இரண்டு முறையும் மாற்றியது சொல்லின் தலையைத்தான். காது முதலில் பிடிப்பது அதைத்தானே!

குழப்பம் தரும் பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடும் வழக்கமும் அங்கே உண்டு. கண்ணுக்கு அது உதவும். போனில் மருந்து சொல்பவருக்கு என்ன பிரயோஜனம்? அனுபவப்பட்ட கடைக்காரர் பெயரைக் கேட்டதோடு விடமாட்டார். "எதுக்குங்க இது, வயித்துக்கா, பிரஷருக்கா?" என்று கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார்.