கேம்ரியின் தலைமுறையும் வரியின் தலைமுறையும்

டொயோட்டா கேம்ரியின் எக்ஸ்வி50 தலைமுறை 2011இல் ஜப்பானில் தோன்றியது, எக்ஸ்வி70 வந்ததும் மறைந்தது என்பதோடு வாகன வரலாற்றாசிரியர்கள் அதை முடித்துவிடுகின்றனர். பொறியாளரின் வரைபடமே வரலாறு என்னும் இம்மயக்கம் இந்தியாவில் செல்லாது. இங்கு அத்தலைமுறையின் போக்கை வரி அட்டவணையே தீர்மானித்தது.

2012இல் பிடதி ஆலையில் அதன் ஒருங்கிணைப்புத் தொடங்கியது; 2013இல் கலப்பு எரிபொருள் வடிவம் வந்தது. 2015இல் ஒன்றிய அரசின் ஃபேம் திட்டம் அதற்கு 70,000 ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. ஈராண்டுதான்! 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி 28, மேல்வரி 15, ஆக 43 விழுக்காடு. அன்று பெரிய பெட்ரோல் காருக்கும் அதே விகிதம். செப்டம்பரில் பெட்ரோல் காரின் மேல்வரி உயர்ந்தபோதுதான் ஐந்து விழுக்காட்டு இடைவெளி பிறந்தது. 2025 செப்டம்பரில் இரண்டும் 40 ஆகி, அதுவும் போயிற்று. மின்கார் 2019 முதல் 5 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

ஐதராபாத்தில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. 2020இன் தெலங்கானா கொள்கை முதல் 5,000 தனியார் மின்கார்களுக்கு மட்டும் சாலை வரியை விலக்கியது. 2024 நவம்பர் ஆணை அந்த எண்ணிக்கை வரம்பையும் நீக்கியது. கலப்பு எரிபொருள் காருக்கு அதில் இடமில்லை.

"கேம்ரி வாங்கும் செல்வருக்குச் சலுகை எதற்கு?" என்று சமூகநீதியின் பெயரால் கேட்கின்றனர். நியாயமான கேள்வி, ஆயின் அதை ஆடம்பர மின்காரின் முன்னும் கேட்க வேண்டுமல்லவா? அங்கு மட்டும் வாய் மூடிக்கொள்கிறது. புகைதான் அளவுகோல் என்றால், கொத்தகூடத்திலும் ராமகுண்டத்திலும் எரியும் நிலக்கரியைக் கணக்கில் சேர்க்காமல் மின்காரின் புகையை எவ்வாறு அளப்பது? அமீர்பேட்டை நெரிசலில் எஞ்சினை அணைத்து, பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலைச் சேமித்து ஓடும் வண்டி, அதே அளவுள்ள பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே எரிக்கிறது. வரி அந்த வேறுபாட்டைக் காண மறுக்கிறது. மின்கார் வேண்டாம் என்பதல்ல வாதம். குழாயில் புகை வருகிறதா என்று மட்டும் பார்ப்பது கொள்கையாகாது என்பதே.

தொழில்நுட்ப வரலாறு கற்பிக்கும் துறைகள் எஞ்சின் கொள்ளளவை மனப்பாடம் செய்விக்கின்றன. அரசாணைகளைப் பாடத்தில் சேர்ப்பதில்லை. தெலங்கானாவின் விலக்கு 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த ஆணை, கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நிலக்கரி என்று கணக்கிட்டு எழுதப்பட வேண்டும். அக்கணக்கை இப்போதே போட்டுக் கொடுக்க வேண்டியவை அந்நகரின் பல்கலைக்கழகங்கள்.