ஊசியும் நாரியும்

போன கிழமை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். நண்பர் ஒருவர் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகனுக்கு 24 வயது. விடியப்புறம் நாரி விறைத்து, எழும்பவே முடியாதாம். வைத்தியர் "பெக்தரேவ்" என்று சொல்லி, நோயெதிர்ப்பை அடக்கும் ஊசிமருந்து எழுதியிருக்கிறார்.

"பக்கவிளைவு வருமாம். அதை விட்டிட்டு அக்குபஞ்சருக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ? நீங்களும் போனனீங்கள்தானே?"

போனேன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அதே நோய். உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் தொடங்கியது. வேலைக் களைப்பு என்று நானும் நினைத்தேன், அப்போது பார்த்த வைத்தியரும் நினைத்தார். வேலையால் வரும் நாரிநோ அனேகமாகப் படுத்தால் குறையும். இதுவோ படுத்தால் கூடும், எழும்பி நடந்தால் குறையும். இந்த வித்தியாசம் தெரியாமல் எட்டு வருடம் போனது.

பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அக்குபஞ்சர். குப்புறப் படுத்தபடி முதுகில் ஊசிகளோடு நித்திரையாகிப் போவேன். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் விடிய பழைய விறைப்பு.

ஜேர்மனியில் 1162 நாரிநோக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. முறையான அக்குபஞ்சரில் 47.6 வீதமானவர்களுக்குச் சுகம். புள்ளி தவறி, மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபஞ்சரில் 44.2 வீதம். வழமையான சிகிச்சையில் 27.4 வீதம். ஊசி எங்கே குத்தப்பட்டது என்பதைவிட, ஒருவர் நேரமெடுத்து எங்கள் முதுகைக் கவனித்ததுதான் வேலை செய்ததோ என்னவோ. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். சுகம் சுகம்தான்.

ஆனால் அது சாதாரண நாரிநோ. எங்களுடையது, உடம்பின் எதிர்ப்புச்சக்தியே இடுப்பு மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும் அழற்சி. கவனிக்காவிட்டால் எலும்பு வளர்ந்து முள்ளந்தண்டு மூங்கில்போல ஒட்டிவிடலாம். ஒட்டினால் ஒட்டியதுதான். நோ குறைந்தது என்று நாங்கள் சந்தோசப்பட, உள்ளே அழற்சி தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கலாம்.

நோர்வேயில் 2004 இல் நடைமுறைக்கு வந்த மாற்றுச்சிகிச்சைச் சட்டமும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. கடுமையான நோய்க்கு வைத்தியம் பார்ப்பது சுகாதாரத்துறையினரின் பொறுப்பு, மற்றவர்கள் அறிகுறிகளைத் தணிக்கலாம்.

பக்கவிளைவுப் பயம் நியாயமானது. அந்த மருந்து தொற்றுக்களுக்கு இடம் கொடுக்கும். உள்ளே உறங்கும் காசநோயைக்கூட எழுப்பலாம், அதனால்தான் தொடங்க முன்னர் பரிசோதிக்கிறார்கள். பயத்தை வைத்தியரிடம் கேளுங்கள், கொண்டாட்ட வீட்டில் கேட்காதீர்கள்.

நண்பருக்குச் சொன்னேன்: "அக்குபஞ்சருக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, அண்ணை. ஆனால் மருந்தையும் உடற்பயிற்சியையும் விடவேண்டாம்."

பெடியனைக் கூப்பிட்டு, குதிக்கால் முட்ட சுவரோடு நிற்கச் சொன்னேன். பின்மண்டை சுவரில் தொட்டது.

என்னுடையது தொட்டுப் பல வருடங்கள்.