அவசரத்தில் இட்ட அஸ்திவாரம்



கடல் கடந்து உழைக்கும் ஒருவர் ஊரில் வீடு கட்டத் தொடங்குகிறார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய வேலை மூன்றாண்டுகள் நீள்கிறது. சேமிப்பு கரைகிறது, கடன் சேர்கிறது. ஊர் திரும்பி மனைவி மக்களோடு வாழ எண்ணியிருந்தவர், கடனை அடைப்பதற்காக மேலும் சில ஆண்டுகள் அயல்நாட்டிலேயே தங்க நேரிடுகிறது. பழியைக் கொத்தனார் மீது சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்கிறோம். தவறு தொடங்கிய இடம் எது என்று ஆராய்கிறோமா?

இத்தவறு எளியவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கடலோரம் நிற்கும் ஓபரா மாளிகையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். போட்டி ஒன்றில் 1957ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வரைபடம் தேர்வாயிற்று. 70 இலட்சம் டாலர் செலவில், 1963இல் பணி முடியும் என்று கணக்கிட்டனர். முடிந்ததோ 1973இல். செலவு 10 கோடியே 20 இலட்சம் டாலர்!

காரணம் யாது? பாய்மரம் போன்ற அக்கூரையை எவ்வாறு கட்டுவது என்பது தெளிவாகும் முன்பே, அரசின் அவசரத்தால் 1959இல் அடித்தளப் பணி தொடங்கப்பட்டது. பின்னர், எழுப்பிய தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கா எனக் கண்டு, அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. கூரைப் பகுதிகள் யாவற்றையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைக்கலாம் என்ற எளிய தீர்வு 1961இல்தான் கிட்டியது. இடையே அரசுக்கும் உட்சனுக்கும் பிணக்கு முற்றியது. 1966இல் அவர் விலகினார். 2008இல் மறையும்வரை, தாம் வரைந்த மாளிகையின் நிறைவுற்ற கோலத்தை அவர் நேரில் காணவேயில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் சில:

முதலாவது, திட்டம் முழுமையாகும் முன் கடப்பாரையைத் தொடாதீர்கள். தாளில் உள்ள கோட்டை அழிப்பது எளிது. கட்டிய சுவரை இடிப்பது கடினம்.

இரண்டாவது, ஆசைக்கேற்பக் கணக்கிடாதீர்கள். முன்பு வீடு கட்டியவர்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டறியுங்கள். எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள்.

மூன்றாவது, அவ்வீட்டில் நாள்தோறும் புழங்கப்போகும் இல்லத்தரசியைத் தொடக்கத்திலேயே கலந்தாலோசியுங்கள். சமையலறை எழும்பிய பின் கேட்கும் யோசனைக்கு விலை அதிகம்.

நான்காவது, வேலை முடிந்ததும் குடும்பத்தோடு அமர்ந்து, எங்கே தவறினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். யாரையும் குற்றஞ்சாட்ட அன்று. நாளை நம் பிள்ளைகள் கட்டத் தொடங்கும்போது எடுத்துப் பார்ப்பதற்காக.

தவறு நேர்வது இயல்பு. அதே தவற்றுக்கு இரண்டாம் முறையும் விலை கொடுப்பதுதான் பேதைமை. அந்த விலை பணம் மட்டுமன்று. குடும்பத்தைப் பிரிந்து கழியும் ஆண்டுகளுமாகும் என்பதை நினைவில் கொள்வோமாக!