நாவல் எழுத சாப்ட்வேர் வாங்கப் போறீங்களா?

மக்களே, என் கிளாஸ்ல ஒருத்தன் ஒரு வருஷமா 'நாவல் எழுதப்போறேன்'னு சொல்லிட்டிருக்கான். இதுவரைக்கும் எழுதினது கதாபாத்திரங்களோட பெயர்ப் பட்டியல் மட்டும். இப்ப ஸ்க்ரிவனர் வாங்கணும்னு அப்பாகிட்ட காசு கேட்டிருக்கான். (பி.காம் படிக்கிற பய, சரக்கே வராம குடோன் கட்டுறான்!)

ஸ்க்ரிவனரை மட்டம்னு சொல்லலை. காட்சி காட்சியா எழுதி, கார்டு மாதிரி இடம் மாத்தி அடுக்கலாம். அது வேணும்னா வொய்ரைட்டர் இலவசமாவே இருக்கு. சைமன் ஹேய்ன்ஸ்ங்கிற நாவலாசிரியர் தன் சொந்தத் தேவைக்கு உருவாக்கினது. ஆனா அடுக்கறதுக்கு முதல்ல நாலு காட்சியாவது வேணுமே?

நம்ம மாவட்டத்துப் பெருங்களூர்ல பிறந்த அகிலன், 'சித்திரப்பாவை'க்கு 1975ம் வருஷ ஞானபீடம் வாங்கினார். எந்த சாப்ட்வேர்ல எழுதினாராம்? 'அது அந்தக் காலம்'பீங்க. சரி, ஜெயமோகன் 2014ல இருந்து 2020 வரைக்கும் 'வெண்முரசு' 26 நாவலையும் அத்தியாயம் அத்தியாயமா இணையத்துல போட்டாரே, அது நம்ம காலம்தானே?

தமிழ்ல எழுதறவனுக்கு நிஜமான தலைவலி வேற. பாமினி மாதிரி பழைய எழுத்துருல அடிச்சா, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல எல்லாமே ஆங்கிலக் கிறுக்கலாத் தெரியும். டைப்பிங் சென்டர்ல அடிச்ச என் முதல் கதை இன்னிக்கும் அப்படித்தான் கிடக்கு. யூனிகோட்ல அடிங்க. லிப்ரே ஆபீஸ் போதும், அதுவும் இலவசம். பென் டிரைவ்ல ஒரு பிரதி வைங்க.

டேய் நண்பா, முதல் அத்தியாயத்தை அடிச்சு அனுப்பு. உங்க அப்பாகிட்ட நானே சிபாரிசு பண்றேன்.